கொசு மேல் போன சந்தேகம்: மலேசியப் பன்றிப் பண்ணைகளில் நிபா, 1998–99

பின்னணி

1998-இல் மலேசியாவில் 1,885 பன்றிப் பண்ணைகள் இருந்தன. பன்றிகள் சுமார் 24 லட்சம். பண்ணைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் சீனக் குடும்பத்தினர். வேலைக்கு இருந்தவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. உள்நாட்டுச் சந்தைக்குப் போனது போக, பக்கத்திலிருந்த சிங்கப்பூருக்கும் லாரிகளில் உயிர்ப்பன்றிகள் போய்க்கொண்டிருந்தன.

பன்றிகளுக்கும் அவற்றை வளர்த்தவர்களுக்கும் நிபா வைரஸ் பரவிய இந்த நிகழ்வில் இரண்டு வட்டாரங்கள் முக்கியம். ஒன்று, வடக்கே பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரைச் சுற்றியுள்ள பகுதி. இன்னொன்று, கோலாலம்பூருக்குத் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானை ஒட்டிய சிக்காமாட், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக். புக்கிட் பெலாண்டோக்கில் பண்ணைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் கொட்டில் தெரியும். சுங்கை நிபா என்ற கிராமம் இங்கேதான் இருக்கிறது.

நிபா என்றால் நம் பக்கத்தில் கோழிக்கோடும் 2018-உம் வௌவாலும்தான் நினைவுக்கு வரும். அந்த வைரஸ் உலகத்துக்கு முதலில் தெரியவந்தது பன்றி வழியாக. கால்நடை மருத்துவர்களும் பண்ணைக்காரர்களும் கவனிக்க வேண்டியது அந்த முதல் நிகழ்வைத்தான். வைரஸின் பெயர் தெரிய ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

பன்றிகளிடம் காணப்பட்டவை

முதலில் காதில் விழுந்தது இருமல். சளி வராத, வறண்ட, உரத்த இருமல். நாய் குரைப்பது போலக் கேட்கும். கொட்டிலுக்கு வெகு தூரத்திலேயே கேட்டதால் அதற்கு ‘ஒரு மைல் இருமல்’ என்று பெயரே வந்துவிட்டது.

வயதுக்கு வயது நோயின் முகம் மாறியது. நாலு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள வளரும் பன்றிகளுக்குக் கடும் காய்ச்சல், வேகமான மூச்சு, இந்த இருமல். நோய் முற்றினால் இருமலோடு இரத்தம் வந்தது. சிலவற்றுக்குத் தசை துடித்தது, பின்னங்கால் தளர்ந்து நடை கோணியது. தாய்ப்பன்றிகளுக்கு வாயில் நுரை, மூக்கில் சீழோ இரத்தமோ கலந்த ஒழுக்கு. அப்புறம் நரம்பு தொடர்பான குறிகள்: தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்பது, வாயை வெறுமனே மெல்லுவது, தொண்டைத் தசை செயலிழந்து விழுங்க முடியாமல் போவது, விறைப்பு, வலிப்பு. சில தாய்கள் முந்தின நாள் நன்றாக இருந்து காலையில் மூக்கில் இரத்த நுரையோடு செத்துக் கிடந்தன. சினையாக இருந்தவை சில கருச்சிதைவு கண்டன. பால்குடிக் குட்டிகள் வாயைத் திறந்து மூச்சுவிட்டன. அவற்றில் 40 சதவீதம் வரை இறந்தன. தாய்க்கு முடியாததால் பால் கிடைக்காமல் செத்தவையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

வளரும் பன்றிகளிலோ, கொட்டிலில் நோய் புகுந்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் தொற்றியது, இறந்தது நூற்றுக்கு ஐந்துக்குள். பல பன்றிகள் குறி எதுவும் காட்டாமலே இருந்துவிட்டன. பண்ணைக்காரர் கணக்கில் பார்த்தால் இது பெரிய நோயே அல்ல. ‘கொஞ்ச நாள் இருமும், தேறிவிடும்’ என்று விட்டுவிடக்கூடிய நோய். நோய் இவ்வளவு நாள் மறைந்திருந்ததற்கு இதை முதல் காரணமாகச் சொல்வேன். பன்றியைக் கொல்லும் நோய்க்குத்தான் பண்ணை பயப்படும். மனிதனைக் கொன்று பன்றியை விட்டுவைக்கும் நோய் யாருடைய பட்டியலிலும் இல்லை.

பன்றி மருத்துவம் தெரிந்தவர்களுக்குத் தோன்றக்கூடிய வேறு நோய்களும் குழப்பத்தைக் கூட்டின. கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவரோ (வைரஸால் வரும் பன்றிக் காய்ச்சல்) என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. ஆனால் அந்த நோயில் காது, வயிற்றுத் தோல் ஊதா நிறமாகும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகத்தில் புள்ளி புள்ளியாக இரத்தக்கசிவும் பெருங்குடலில் பொத்தான் வடிவப் புண்களும் இருக்கும். சாவும் கொத்துக் கொத்தாக விழும். இங்கே சேதம் நுரையீரலில் இருந்தது. நுரையீரல் இறுகி, இரத்தம் கசிந்து, மூச்சுக்குழாய் நுரையால் நிறைந்திருந்தது. அடுத்து, குட்டிக்கு நரம்புக் குறி, பெரியதற்கு மூச்சுக் குறி, சினைக்குக் கருச்சிதைவு என்று மூன்றும் சேர்ந்து வரும் ஔஜெஸ்கி நோய். குறிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் மிக நெருங்கி வருவது இதுதான். இரத்த நுரையோடு திடீர்ச் சாவு என்றால் ஆக்டினோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவால் வரும் நிமோனியா. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அப்போது ஆசியாவுக்கே வரவில்லை. அது சீனாவில் கால் வைத்தது 2018-இல். ஆக, பன்றியை மட்டும் பார்த்தவருக்குப் பழகிய நோய்கள் பல கிடைத்தன, எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை.

மனிதர்களிடம் காணப்பட்டவை

1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போ பகுதிப் பண்ணைக்காரர்கள் சிலர் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். காய்ச்சல், தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி. சில நாட்களில் நினைவு மங்கியது. சிலருக்குக் கை காலில், வயிற்றில் தசைகள் வெட்டி வெட்டி இழுத்தன. இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் ஏறின. மூளைக்காய்ச்சல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என்ன மூளைக்காய்ச்சல் என்பதே கேள்வி.

பிற்பாடு கோலாலம்பூரில் சிகிச்சை பெற்ற 94 நோயாளிகளைப் பற்றி வந்த ஆய்வு படத்தைத் தெளிவாக்குகிறது. சராசரி வயது 37. ஒரு பெண்ணுக்கு நாலரை ஆண்கள் என்ற விகிதம். 93 சதவீதத்தினர், பெரும்பாலும் நோய் வருவதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள், பன்றியை நேரடியாகத் தொட்டவர்கள். 30 பேர் இறந்தார்கள்.

முதல் முடிவும் அதன் காரணமும்

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவானது. இதைப் பிற்காலத்தில் பலர் கிண்டலாகவே எழுதினார்கள். அது நியாயமில்லை. அந்த நோய் மலேசியாவில் ஏற்கெனவே உண்டு. பன்றி உடம்பில்தான் அந்த வைரஸ் பெருகும். அங்கிருந்து கியூலெக்ஸ் கொசு மனிதனுக்குக் கொண்டுபோகும். பன்றிப் பண்ணை, மூளைக்காய்ச்சல் என்ற இரண்டு சொல்லைக் கேட்டால் எந்த மருத்துவ மாணவரும் சொல்லும் விடை அது. போதாக்குறைக்கு, சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளும் கிடைத்தது. அந்த நோய் நிலைத்திருக்கும் நாட்டில் அப்படிச் சிலருக்குக் கிடைப்பது பெரிய அதிசயமில்லை, ஆனால் அந்த நேரத்தில் அது முத்திரை குத்தியது போல ஆயிற்று.

முடிவுக்கு ஏற்ற நடவடிக்கைகள் வந்தன. பண்ணைகளைச் சுற்றிக் கொசுப்புகை அடித்தார்கள். மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். பண்ணையில் ஒரே ஊசியைப் பல பன்றிகளுக்குப் போடும் பழக்கம் இருந்தால் தடுப்பூசி முகாமே நோயைக் கடத்தியிருக்கும் என்ற சந்தேகமும் பிறகு எழுந்தது. பண்ணைக்குப் பண்ணை இனவிருத்திக்காகப் பகிர்ந்த ஆண் பன்றி விந்தின் மேலும் அதே சந்தேகம் உண்டு.

பொருந்தாமல் நின்றவை

முதல் சில வாரங்களுக்கு அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. அதை மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்ததுதான் சிக்கல். ஏனென்றால் முரண்கள் கண்ணெதிரே குவிந்துகொண்டிருந்தன.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வேலை செய்யும் வயது ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. அப்படியிருக்க, பன்றியோடு எந்தத் தொடர்பும் இல்லாத பக்கத்து மலாய் மக்களுக்கு நோய் வரவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே மூளை பாதிக்கும் என்பதால், ஒரு வீட்டில் இப்படிக் கூட்டமாக வருவது அபூர்வம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முரண் பன்றி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றியில் பெருகுமே தவிர வளர்ந்த பன்றியைப் படுக்கவைக்காது. சினைப்பன்றி செத்த குட்டியோ உலர்ந்துபோன கருவோ போடும், அவ்வளவுதான். இந்தப் பண்ணைகளில் பன்றிகள் இருமின, வலிப்பு வந்தது, நாய்களும் நோயுற்றன. இருமுகிற பன்றிக்கும் மயங்கிக் கிடக்கிற மனிதனுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்று பண்ணை மக்கள் சந்தேகித்தார்கள். மனித நோயை ஒரு துறையும் பன்றி நோயைத் தனியாக இன்னொரு துறையும் பார்த்துக்கொண்டிருந்ததால், அந்தச் சந்தேகத்தை ஒரே மேசையில் வைத்துப் பேச ஆளில்லாமல் போயிற்று.

பன்றிகள் தெற்கே போனது

நோயின் போக்கையே மாற்றியது ஒரு வியாபார முடிவு. ஈப்போ பகுதியில் பயம் பரவியதும் பண்ணைக்காரர்கள் பன்றிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் நிலையில் இருந்து பார்த்தால் இதில் தவறு சொல்வது கடினம். கொசுவால் வருகிற நோய் என்று அரசே சொல்லியிருக்கிறது. பன்றியை விற்கக் கூடாது என்று தடை ஒன்றும் இல்லை. தீவனச் செலவு ஏறிக்கொண்டிருக்கிறது. வாங்கியவருக்கும் மலிவாகக் கிடைத்த சரக்கு.

1998 டிசம்பரில் சிக்காமாட்டிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் மனிதர்களுக்கு நோய் தொடங்கியது. பண்ணைகள் நெருக்கமாக இருந்த புக்கிட் பெலாண்டோக்கில் 1999 மார்ச்சில் உச்சத்துக்குப் போனது. மொத்த நோயாளிகளில் பெரும்பகுதி அங்கேதான். நோய் பரவிய வரைபடத்தையும் பன்றி லாரி போன வழியையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்திருந்தால் கொசுக் கதை ஜனவரியிலேயே முடிந்திருக்கும் என்பது என் கருத்து. கொசு ஈப்போவில் இருந்து சிரம்பான் வரை பறந்து வராது.

லாரி அதையும் தாண்டிப் போனது. மார்ச்சில் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் வந்தது, ஒருவர் இறந்தார். அவர்கள் கையாண்டது மலேசியாவில் இருந்து வந்த உயிர்ப்பன்றிகளை. பண்ணைப் பக்கமே போகாத ஆட்கள் இவர்கள்.

வைரஸ் பிடிபட்டது

1999 மார்ச் தொடக்கத்தில் கோலாலம்பூர் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், சுங்கை நிபாவைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் தண்டுவட நீரைக் குரங்குச் சிறுநீரகச் செல்களில் இட்டு வளர்த்தார்கள். செல்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களாக உருகின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் செல்களை அப்படி ஒட்டவைப்பதில்லை. அந்த ஆய்வாளர் மாதிரிகளைக் கையோடு அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வகத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது பாராமிக்ஸோ வைரஸ், அதாவது தட்டம்மை வைரஸின் குடும்பம். அட்லாண்டாவில் நடந்த சோதனையில், 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு இது உறவு என்று தெரிந்தது. மார்ச் நடுவில் செய்தி வெளியானது. கிராமத்தின் பெயரே வைரஸுக்கும் வந்தது.

பன்றியின் இருமலுக்கும் அப்போது விளக்கம் கிடைத்தது. வைரஸ் பன்றியின் மூச்சுக்குழாய் உட்சுவரில் பெருகி, உதிரும் செல்களோடு இருமலில் வெளியே வருகிறது, சிறுநீரிலும் வருகிறது. குட்டி பிறக்கும்போது உதவியவர்கள், ஊசி போட்டவர்கள், நோயுற்ற பன்றிக்குத் தீவனம் வைத்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கொசுவுக்கு இதில் வேலையே இல்லை.

அழிப்பு

எதிரி யார் என்று தெரிந்தபின் முடிவுகள் வேகமாக வந்தன. மாநிலம் விட்டு மாநிலம் பன்றி கொண்டுபோகத் தடை. நோய்ப் பகுதிப் பன்றிகளை மொத்தமாக அழிக்க உத்தரவு. ஏப்ரல் 26-க்குள் 896 பண்ணைகளில் 9,01,228 பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். மக்கள் பலர் ஏற்கெனவே ஊரை விட்டு ஓடியிருந்தார்கள். தீவனம் போட ஆளில்லாத கொட்டில்களில் இருந்து வெளியேறிய பன்றிகள் தெருவில் திரிந்தன. ராணுவத்தை இறக்க வேண்டியதாயிற்று. இருமுகிற பன்றிகளைப் பிடித்து, சுட்டு, குழியில் தள்ளும் வேலை அது; மூச்சுவழித் தொற்றுக்கு இதைவிடத் தோதான வேலை இல்லை. பிறகு 1,412 ராணுவத்தினரைச் சோதித்ததில் 6 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது, அதில் இருவருக்கு மூளைக்காய்ச்சலும் வந்திருந்தது. அந்த எண்ணிக்கை இவ்வளவு குறைவாக நின்றது பாதுகாப்பு உடைகளால் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் கட்டம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நோய்ப் பகுதியோடு நிறுத்தாமல் நாடு முழுவதும் மீதமிருந்த பண்ணைகளில் இரத்த மாதிரி எடுத்து, எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் எலிசா சோதனை செய்தார்கள். நோய்க்குறி எதுவும் சொல்லப்படாத இடங்களிலும் சேர்த்து 50 பண்ணைகளில் தொற்று தெரிந்தது. அங்கே மேலும் 1,72,750 பன்றிகள் அழிக்கப்பட்டன. குறி காட்டாமலே தொற்றைச் சுமக்கிற மிருகத்தை வேறு எந்த வழியிலும் பிடித்திருக்க முடியாது.

கடைசி மனித இறப்பு 1999 மே 27. மொத்தம் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். 1,885 பண்ணைகளில் மிஞ்சியவை 829. பன்றிகள் சுமார் 13 லட்சம்.

எங்கிருந்து வந்தது

அடுத்த ஆண்டுகளில் பழந்தின்னி வௌவால்களில் எதிர்ப்பொருள் கிடைத்தது. தியோமான் தீவில் வௌவால் கூட்டத்தின் கீழே விரித்துப் பிடித்த சிறுநீரிலும், அவை கடித்துப்போட்ட பழத்திலும் வைரஸே கிடைத்தது.

அதற்குப் பிறகு எல்லோர் கவனமும் ஈப்போ அருகே நோய் தொடங்கிய பெரிய பண்ணைக்குத் திரும்பியது. அங்கே 30,000 பன்றிகள். கொட்டில்களை ஒட்டி மாமரங்கள். நிழலுக்கு நிழல், மாங்காய்க்கு மாங்காய் என்று நட்டவை. வௌவால் மரத்துக்கு வரும், பாதி தின்ற பழம் கொட்டிலில் விழும், பன்றி விடாது. பழைய பதிவேடுகளைத் தோண்டியபோது அந்தப் பகுதியில் 1997-லேயே மனித நோய் இருந்ததற்கான தடயம் கிடைத்தது. பண்ணையின் கணக்குகளை வைத்துப் பின்னாளில் செய்த கணித ஆய்வு ஒன்று, வைரஸ் ஒரே தடவை வந்திருந்தால் பன்றிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்ததும் அடங்கியிருக்கும், இரண்டாவது தடவை வந்தபோதுதான் நிலைத்தது என்று சொல்கிறது. அதற்குள் தாயிடம் இருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கரைந்துபோன குட்டிகள் அந்தப் பெரிய மந்தையில் ஓயாமல் சேர்ந்துகொண்டே இருந்தன. 30,000 இல்லாமல் 30 பன்றி இருந்திருந்தால் நோய் அங்கேயே செத்திருக்கும்.

மாறியவையும் மாற வேண்டியவையும்

மலேசியாவில் கொட்டிலுக்கு அருகே பழமரம் வைக்கக் கூடாது என்று விதி வந்தது. புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி வளர்ப்பே நிறுத்தப்பட்டது. அங்கிருந்தவர்கள் செம்பனைக்கும் டிராகன் பழத்துக்கும் மாறினார்கள்.

இதே சூழ்நிலை திரும்ப வந்தால் நான் முதலில் மாற்றச் சொல்வது லாரியைத்தான். நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பன்றி இருமுகிறது, அதைப் பார்த்துக்கொண்டவருக்குக் காய்ச்சலோடு நினைவு தப்புகிறது என்ற இரண்டு தகவல் போதும், அந்த வட்டாரத்தில் இருந்து ஒரு பன்றியும் வெளியே போகக் கூடாது. அப்படித் தடை போட்டால் தீவனத்துக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரியில் லாரி ஓடும். மற்றது எல்லாம் எந்த நல்ல பண்ணையிலும் இருக்க வேண்டியதுதான்: புதிதாக வாங்கிய பன்றியைத் தனியே வைப்பது, ஒரு பன்றிக்கு ஒரு ஊசி, பிரசவம் பார்க்கும்போது கையுறை, முகக்கவசம்.

நம் பக்கம் வருவோம். 2018-இல் கோழிக்கோட்டில் பரவியது வேறு வகை நிபா. மலேசியாவைப் போல இல்லாமல் மனிதனிடம் இருந்து மனிதனுக்கு எளிதாகப் போனது. அங்கே பன்றி உள்ளிட்ட வளர்ப்பு விலங்குகளின் மாதிரிகளில் வைரஸ் கிடைக்கவில்லை. ஆனாலும் பழந்தின்னி வௌவால் நம் ஊரிலும் இருக்கிறது, மாமரத்தடியில் கொட்டில் போடுகிற வழக்கமும் இருக்கிறது.

இந்தியாவில் சந்தேகத்துக்குரிய பன்றி மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போகும். மனித மாதிரி புனேயில் உள்ள வைராலஜி நிறுவனத்துக்குப் போகும். இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு படிவம். பன்றிக்கு மாதிரி எடுக்கிற கால்நடை மருத்துவர், அந்தப் பண்ணையில் யாருக்காவது பத்துப் பதினைந்து நாளுக்குள் காய்ச்சல் வந்ததா என்று கேட்டுப் படிவத்திலேயே எழுதட்டும். மூளைக்காய்ச்சல் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், வீட்டில் என்ன மிருகம் வளர்க்கிறீர்கள், அவற்றுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதட்டும். அப்புறம் ஒருவர் மற்றவருக்கு அன்றைக்கே போன் போடட்டும்.